ஜாவாவிலிருந்து ஒரு மருமகள்

டைட்டஸ் தன் கிரிஸை விற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கட்டிக்கொடுப்பதாக இருந்தால் யோசிக்கலாம் என்றார்.

கிரிஸ் ஜாவாத் தீவின் குத்துவாள். அலகு நேராக இராது. ஓடும் பாம்பைப் போல வளைந்து வளைந்து முனைக்குப் போகும். மடித்து மடித்து அடித்த இரும்பின் கோடுகள் மரத்தின் ரேகை போல அதில் தெரியும். டைட்டஸ் முட்டத்துக்காரர். சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். வாலிபத்தில் சுரபாயா துறைமுகத்தில் ஒரு கிழவர் அதை அவருக்குக் கொடுத்தார். இப்போது டைட்டஸே கிழவர். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் ராகேல் வீட்டுக்கு ஒரேயடியாகப் போகிறார். கட்டிலும் வலையும் பங்கிட்டாயிற்று. குத்துவாளை விமானத்தில் ஏற்றவிடமாட்டார்கள்.

"ஜாவாக்காரன் இத விலைக்குக் குடுக்கமாட்டாம் மக்கா," என்றார். "மகருன்னு மாப்பிள வீட்டுச் சீரு வாங்கிட்டு, பொண்ண அனுப்புக மாதிரி அனுப்புவான். எனக்கும் அப்பிடித்தான் தந்தான். நான் மாப்பிள வீடு பாக்கணும். பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

மாப்பிள்ளைகள் இரண்டு பேர்.

ஒருவர் பத்மகுமார். ஷார்ஜாவில் ஒரு கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வீடு இரணியலுக்கும் தக்கலைக்கும் நடுவில், வயலை ஒட்டி. முன்னறை முழுக்கக் கண்ணாடி அலமாரி. உள்ளே பல ஊர்க் கத்திகள்: ஓமான் கஞ்சர், நேபாள குக்ரி, ஸ்காட்லாந்து டர்க், ராஜஸ்தான் கட்டாரி, குடகுப் பீச்சைக்கத்தி. நடுவில் ஜப்பான் குறுவாள் ஒன்று. அதன் விளிம்பு நெடுகக் கடல் நுரை போல ஒரு வெள்ளைக் கோடு ஓடும். வெறுங்கையால் யாரும் தொடக்கூடாது. விரல்ரேகை பட்ட இடத்தில் துரு பிடிக்கும் என்பார்.

மற்றவர் முருகதாஸ். தக்கலையில் ஹார்ட்வேர் கடை. வீடு சிதறால் போகும் வழியில். அவருக்கும் இதே கிறுக்கு. இருவரும் நண்பர்கள். ஒருவர் புதிதாக ஒன்று வாங்கினால் மற்றவர் வந்து பார்ப்பார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொள்ளாம், செய்தவன் நல்லா செய்திருக்கான்," என்பார். போலி என்று அர்த்தம். அதோடு காப்பி குடித்துவிட்டுப் போவார்.

கிரிஸ் மேல் இருவருக்கும் பல வருஷமாகக் கண். பத்மகுமார் முட்டத்துக்கு ஏத்தங்காய் வறுவல் கொண்டு போனார். முருகதாஸ் பெயின்ட் கொண்டு போனார். டைட்டஸ் வறுவலைத் தின்றார், வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார், ஒன்றும் சொல்லவில்லை. இப்போதுதான் வாய் திறந்திருக்கிறார்.

தேதி வைத்தது முருகதாஸ்.

"புதன்கிழமை பாத்துக்கிடுவோமாவே? கவர்மெண்ட் லீவு. ரோட்டுல கூட்டம் இருக்காது. அண்ணனுக்கு அன்னைக்கு ராத்திரிதான் ஃப்ளைட்டு. நானே கார்ல கூட்டிட்டு வாறேன். முதல்ல உம்ம வீடு, பிறவு நம்ம வீடு, அப்பிடியே ஏர்போர்ட்டு."

பத்மகுமார் சரி என்றார். எதற்கு லீவு என்று அவர் யோசிக்கவில்லை. ஷார்ஜாவில் லீவு என்றால் வெள்ளிக்கிழமை. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை நாகர்கோவில் போனார். ஜப்பான் வாளுக்குப் போடக் கிராம்பெண்ணெய் வாங்கினார். டைட்டஸுக்கு ஒன்று, முருகதாஸுக்கு ஒன்று என்று வெள்ளைக் கையுறைகள் வாங்கினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அலமாரிக் கதவுகள் திறந்து கிடந்தன. உள்ளே பெயர் எழுதிய அட்டைகள் மட்டும் நின்றன.

பூஜையறையில் விளக்கு எரிந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் நீளமாக வாழையிலை விரித்திருந்தது. அதில் அருவாமனை, கத்தரிக்கோல், தேங்காய்த் துருவி, கோடாலி. அவற்றோடு வரிசையாக ஓமானும் நேபாளமும் ஸ்காட்லாந்தும் ஜப்பானும். எல்லாவற்றுக்கும் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம்.

"கோமளம்."

அவர் மனைவி கோமளவல்லி பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள். "என்னா?"

"இது என்னதுட்டி?"

"பூஜை வைப்பு."

"என் வாளு?"

"ஆயுத பூஜைக்கு ஆயுதத்த வைக்காம உங்க வேட்டியவா வைக்க?"

"போன வருசம் வைக்கல்லியே?"

"போன வருசம் இந்தச் சவமெல்லாம் டிரங்குப் பெட்டிக்குள்ள கெடந்துது. இப்பம் முன்னறையில நிரத்தி வச்சிருக்கேளே. இத்தன ஆயுதத்த வீட்டுல வச்சுக்கிட்டு வெறும் அருவாமனைய மட்டும் வச்சா, தாயி கேக்கமாட்டாளா?"

பத்மகுமார் வாசல்படியில் உட்கார்ந்தார். அங்கிருந்து ஜப்பான் வாள் தெரிந்தது. நுரைக்கோட்டின் மேல் மூன்று விரல் அகலத்தில் ஈரச் சந்தனம்.

"எண்ணெ போட்டுல்லா வச்சிருந்தேன்."

"ஆமா. எண்ணெ மேல சந்தனம் நிக்கல்ல. துணி வச்சு அழுத்தித் தொடச்சுட்டேன்."

"அந்த வெள்ளி உறை?"

"கறுத்துக் கெடந்துது. திருநீறு போட்டுத் தேச்சேன். பாத்தேளா, குத்துவிளக்கு மாதிரி இருக்கு."

அந்தக் கறுப்பின் பழமையைப் பார்த்துத்தான் அவர் கஞ்சரை மஸ்கட்டில் வாங்கியிருந்தார்.

எடுத்துத் தா என்றார். நாளை மறுநாள் காலையில் பூஜை எடுப்பு, அதுவரை யாரும் எதையும் தொடக்கூடாது என்றாள். ஜப்பான் வாளையாவது என்றார். ஒன்றை எடுத்தால் எல்லாம் எடுத்த கணக்கு என்றாள். அட்டையில் எழுதியிருப்பதை வாசித்தாவது காட்டலாமா என்றார். இந்த நாளில் வாசிக்கவும் கூடாது என்றாள். அதற்கென்றே சின்ன வயதில் அவர் இந்தப் பண்டிகையை எவ்வளவு விரும்பினார் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

முருகதாஸைப் போனில் கூப்பிட்டார்.

"வேற நாள் மாத்தலாமாவே? இங்க எல்லாத்தையும் பூஜையில வச்சுட்டா."

"அடடா," என்றார் முருகதாஸ். "நாளைக்கா பூஜை? எனக்கு எங்க தெரியும்வே? நாங்க அய்யாவழி, தாங்கலுக்குப் போறவங்க. எங்களுக்கு இந்த வைப்பும் எடுப்பும் கிடையாதுல்லா." குரலில் இவ்வளவு வருத்தத்தைப் பத்மகுமார் கேட்டதில்லை. "இனி எங்க மாத்த? அண்ணனுக்கு ஃப்ளைட்டு நாளைக்குல்லா. நீரு ஒண்ணும் விசாரப்படாதேயும். வெளியில நின்னு பாக்கச் சொல்லுவோம்."

போனை வைத்துவிட்டுப் பத்மகுமார் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கிரிஸ், மகர், மாப்பிள்ளை வீடு பார்ப்பது. நாளைக்கு ஒரு வாளையும் உருவிக் காட்ட முடியாவிட்டால் அது போய்விடும். போனால் முருகதாஸ் வீட்டுக்குப் போகும். போய்ப் போய் அங்கே அதைப் பார்த்துக் காப்பி குடித்துவிட்டு வர வேண்டும்.

"தேதி ஆரு வச்சா?" என்றாள் கோமளவல்லி.

"முருகதாஸ்."

அவள் கை பூத்தொடுப்பதை நிறுத்தியது. "ஓ," என்றாள். பூச்சரத்தைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணு வீட்டுக்காரங்க வாறாங்கன்னா வெறும் சுண்டல் குடுத்தா கொள்ளாமா? பயறு வறுங்க. முந்திரிக்கொத்து செய்யணும்," என்றாள்.

புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல் கார் வந்தது. முருகதாஸ் இறங்கி டைட்டஸுக்குக் கதவு திறந்துவிட்டார். டைட்டஸ் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அக்குளில் ஒரு பழைய தலையணை உறை. அதற்குள் பெண்.

உள்ளே வந்ததும் டைட்டஸ் யாரையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்குப் போனார். கம்பியில் விரலை ஓட்டி நாக்கில் வைத்தார்.

"உப்பு இல்ல. கொள்ளாம்," என்றார். "முட்டத்துல இவள உப்புக்காத்துட்ட இருந்து காப்பாத்த நான் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும்."

பத்மகுமாருக்குத் தைரியம் வந்தது. உட்காரச் சொன்னார். டைட்டஸ் உட்காரவில்லை. சுவரைத் தட்டினார். ஓதம் உண்டா என்றார். மழைக்காலத்தில் வயல்தண்ணீர் எதுவரை ஏறும் என்றார். வீட்டில் பூனை உண்டா என்றார். பூனைக்கும் குத்துவாளுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. பெண்ணைப் பெற்றவர் எதையும் கேட்கலாம்.

"செரி. உன் சாமானக் காட்டு," என்றார்.

பூஜையறை வாசலுக்குக் கூட்டிப்போனார் பத்மகுமார். கம்பிக் கதவு சாத்தியிருந்தது. டைட்டஸ் கம்பிகளுக்கு இடையே பார்த்தார்.

"என்னலே, எல்லாத்துக்கும் அம்மை போட்டிருக்கா?"

"சந்தனம் அண்ணே. பூஜை."

"உருவிக் காட்டும்வே," என்றார் முருகதாஸ். "அந்த ஜப்பான் வாளு. அண்ணன் கைல எடுத்துப் பாக்கட்டு."

"இன்னைக்குத் தொடப்பிடாது."

"அய்யோ, மறந்தே போச்சு," என்றார் முருகதாஸ்.

பத்மகுமார் வெளியில் நின்று விரலால் காட்டி விளக்கினார். குக்ரியின் அடியில் சின்ன வெட்டு இருக்கும், ரத்தம் பிடிக்குப் போகாமல் அதில் சொட்டிவிடும் என்று சிலர், அது பசுவின் குளம்படி என்று சிலர். ஆனால் அந்த வெட்டு குங்குமத்துக்கு அடியில் இருந்தது. கட்டாரியின் பிடி குறுக்கே இருக்கும், முஷ்டியை மடக்கிக் குத்தினால் போதும். ஆனால் பிடியை மறைத்துப் பிச்சிப்பூ. ஜப்பான் வாளை விரலால் காட்டியதோடு சரி. டைட்டஸ் தலையாட்டினார். முதல் தடவை நன்றாக, பிறகு கொஞ்சமாக, பிறகு ஆட்டவில்லை.

முருகதாஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது கோமளவல்லி காப்பியோடு வந்தாள். பட்டுச்சேலை கட்டியிருந்தாள். "அண்ணாச்சி இருக்கணும். பொண்ணு வீட்டுக்காரங்க நின்னுக்கிட்டே போனா ஊரு என்ன சொல்லும்?"

டைட்டஸ் உட்கார்ந்தார். முந்திரிக்கொத்தை எடுத்தார். கடித்தார். இன்னொன்று எடுத்தார்.

"அந்த ஊருல கல்யாணம்லாம் எப்பிடி அண்ணாச்சி?"

"அங்க இன்னொரு வழக்கம் உண்டு பிள்ளே. மாப்பிள தூரதேசத்துல இருக்கான்னு வை. வர முடியல்ல. அவனுக்க கிரிஸ அனுப்புவான். பொண்ணு அதுக்குப் பக்கத்துல உக்காந்துக்கிடும். கல்யாணம் முடிஞ்சிரும்."

"கொள்ளாமே," என்றாள் கோமளவல்லி. "இவங்க ஷார்ஜாவுல இருந்த காலத்துல இது தெரிஞ்சிருந்தா, வருசத்துக்கு ஒரு தடவ கத்திய அனுப்பினாப் போதும்னு இருந்திருப்பேன். சோறு போட வேண்டாம், துணி தொவைக்க வேண்டாம்."

டைட்டஸுக்குச் சிரிப்பில் புரையேறியது. முருகதாஸும் சிரித்தார். பத்மகுமார் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

"நீங்க என்ன மகர் குடுத்தீங்க?"

"மழைக்கோட்டு. கப்பல்ல தந்தது. கிழவன் அதைத்தான் கேட்டான். அந்த ஊருல என்னா மழ!"

"பொண்ணப் பாக்கலாமா அண்ணாச்சி?"

டைட்டஸ் தலையணை உறையை அவிழ்த்தார். மர உறை, அதன் தலை படகைப்போல. மெதுவாக உருவினார். ஜன்னல் வெளிச்சத்தில் அலகின் கோடுகள் நகர்வதுபோல இருந்தன. பத்மகுமார் மூச்சை நிறுத்திக்கொண்டார். முருகதாஸும்தான்.

"நல்ல லெட்சணம்," என்றாள் கோமளவல்லி. "மொத மொதல்ல வீட்டுக்கு வந்திருக்கா. அதுவும் நவமி அன்னைக்கு. சாமி கும்பிடாம அனுப்பினா கொள்ளாமா? அண்ணாச்சிக்கு விரோதம் இல்லைன்னா ஒரு சந்தனப் பொட்டு வச்சு விடட்டுமா?"

"அதுக்கென்ன பிள்ளே? கும்பிடட்டு. எல்லாம் கடவுள்தான."

கூரான எதையும் கைக்குக் கை வாங்கக்கூடாது. அவள் ஒரு தாம்பாளத்தில் பச்சரிசியும் பூவும் போட்டு நீட்டினாள். டைட்டஸ் அதில் கிரிஸை வைத்தார். அவள் தாம்பாளத்தை உள்ளே கொண்டுபோனாள். ஜப்பானுக்கும் அருவாமனைக்கும் நடுவில் இடம் பண்ணி வைத்தாள். சந்தனம் தொட்டாள். குங்குமம் வைத்தாள். பூப் போட்டாள். மணியடித்துக் கற்பூரம் காட்டினாள். வாசலில் மூன்று ஆண்களும் கைகட்டி நின்றார்கள். டைட்டஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

அவள் வெளியே வந்து கம்பிக் கதவைச் சாத்தினாள்.

பொழுது சாய ஆரம்பித்தது. "கிளம்புவோமா அண்ணே?" என்றார் முருகதாஸ். "நம்ம வீட்டுலயும் கொஞ்ச நேரம் இருக்கணும்லா. என் வீட்டுக்காரி அஜிதா காத்துக்கிட்டு இருப்பா."

டைட்டஸ் எழுந்தார். "எடுத்துட்டு வா பிள்ளே."

"எங்க அண்ணாச்சி எடுக்க? பூஜையில வச்சாச்சே."

முதலில் விஷயம் புரிந்தது முருகதாஸுக்கு.

"அது பொட்டு வைக்கத்தானே கொண்டுபோனீங்க மைனி?"

"வச்சேனே."

"அது உங்க சாமான் இல்லியே. அண்ணனுக்கது."

"அடுத்த வீட்டு மம்பெட்டியையும் வச்சிருக்கேன். வச்சா வச்சதுதான். நாளைக்குக் காலையில எடுப்பு. உங்களுக்கு இதெல்லாம் தெரியாதுல்லா. அஜிதாட்ட கேளுங்க, அவளுக்கு நல்லாத் தெரியும். போன வாரம் சந்தையில வச்சு, என்னிக்கு வைப்பு, என்னிக்கு எடுப்பு, வாளெல்லாம் வைப்பேளான்னு அவதான் அக்கறையா விசாரிச்சா."

முருகதாஸ் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்தார். பத்மகுமார் முருகதாஸைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். தாலி கட்டிய நாளில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

"அண்ணே, நீங்க போயி எடுங்க," என்றார் முருகதாஸ். "உங்களுக்கு என்ன? நீங்க வேதக்காரங்க."

டைட்டஸ் வாசல்வரை போனார். கம்பியில் கை வைத்தார். கதவு பூட்டியிருக்கவில்லை.

"ஏலே," என்றார் டைட்டஸ் திரும்பி. "மாதா கழுத்துல போட்ட மாலைய நீ கழத்துவியா?" கையை எடுத்துக்கொண்டார். "இங்கேயே கெடக்கட்டு. உன் வீட்டையும் பாக்கேன். ஏர்போர்ட்டுல இருந்து போன் பண்ணிச் சொல்லுகேன், ஆருக்குன்னு. நாளைக்கு அவன் வாங்கிக்கிடட்டு."

முருகதாஸ் முகம் தெளிந்தது. கார் போயிற்று.

போன் வந்தபோது பத்மகுமார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எச்சில் கையோடு எடுத்தார்.

"மக்கா, முருகதாஸ் வீடு பாத்தேன். ஏசி போட்டு வச்சிருக்கான். ஒவ்வொண்ணா உருவித் தந்தான். நீ ஒண்ணத் தொடக்கூட விடல்ல. உன்மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா பொண்ணப் பெத்தவன் யோசிக்கணும்லா? மகருன்னு ஒரு கம்பளிக் கோட்டு தந்தான். போட்டுப் பாத்தேன். அளவா இருக்கு. நாளைக்கு வருவான். எடுப்பு முடிஞ்சதும் குடுத்துரு என்ன?"

"செரி அண்ணே," என்றார் பத்மகுமார். மிச்சச் சோற்றைச் சாப்பிடவில்லை.

கோமளவல்லி கேட்டாள். சொன்னார்.

"எடுப்பு முடிஞ்சதும்தானே?" என்றாள்.

விஜயதசமி காலையில் வெயில் ஏறுமுன் முருகதாஸ் வந்துவிட்டார். சிவப்பு வெல்வெட் ஒட்டிய பெட்டி கொண்டுவந்திருந்தார். கிரிஸின் நீளத்துக்கு அளவெடுத்துச் செய்தது.

"வாங்க," என்றாள் கோமளவல்லி. "காப்பி குடிங்க. எடுப்பு இன்னைக்கு இல்ல."

"ஊரெல்லாம் இன்னைக்குத்தானே?"

"ஊருக்கு. நம்ம சரஸ்வதி திருவனந்தபுரம் போயிருக்காள்லா?"

பத்மநாபபுரம் அரண்மனையின் சரஸ்வதி நவராத்திரிக்கு யானை மேல் திருவனந்தபுரம் போவதும், முடிந்து சில நாளில் திரும்பி வருவதும் எல்லோருக்கும் தெரியும். வழியில் நெய்யாற்றின்கரையிலும் குழித்துறையிலும் தங்கும். மகாராஜாவின் உடைவாள் முன்னால் போகும்.

"அவ கோயில்ல இல்லாத நேரத்துல அவளுக்கு முன்னால வச்சத எடுக்கலாமா? திரும்பி வந்து இருக்கட்டு. பிறவு எடுத்துத் தாறேன். எங்க வீட்டுல அப்பிடித்தான்."

அப்படி ஒரு வழக்கம் தன் வீட்டில் இருப்பதாகப் பத்மகுமார் கேள்விப்பட்டதில்லை. "ஆமா," என்றார்.

பூஜை தெரியாது என்று சொன்னவர் பூஜையைப் பற்றி என்ன வாதாட முடியும்? முருகதாஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்று மத்தியானமே பத்மகுமாருக்கு அடுத்த விஷயம் உறைத்தது. கிரிஸ் உள்ளே இருக்க வேண்டுமென்றால் எல்லாமே உள்ளே இருக்க வேண்டும்.

சமையலறையிலும் கத்தி இல்லை. கத்திரிக்காய் காம்போடு முழுதாகக் குழம்பில் மிதந்தது. பயற்றங்காயைக் கையால் ஒடித்தாள். தேங்காய்த் துருவியும் பூஜையில் இருந்ததால், சிரட்டையிலிருந்து தேங்காயை நெம்பி எடுத்து அம்மியில் நசுக்கினாள். மரச்சீனிக்கிழங்கைப் படியில் அடித்து உடைத்தாள். அவள் முகம் சுளிக்கவில்லை. பத்மகுமாருக்குத்தான் சோறு இறங்கவில்லை. டார்ச் லைட்டோடு கம்பிக் கதவருகே உட்கார்ந்திருந்தார். ஜப்பான் வாளின் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. வெடிப்புகளின் ஓரத்தில் ஏதோ நிறம். குங்குமமாக இருக்கலாம்.

"இத மட்டும் துடைச்சுட்டு வச்சுருகேன்."

"துடைங்க," என்றாள். "துடைச்சா எடுப்பு. எடுப்புன்னா அவ முருகதாஸ் வீட்டுக்குப் போவா. நான் பொய் சொல்லமாட்டேன். உங்களுக்கு எது வேணும்னு பாத்துக்கிடுங்க."

அவர் டார்ச்சை அணைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டார்.

முருகதாஸ் தினமும் வந்தார். கடைக்குப் போகும் வழி என்றார். கடையைத் தாண்டித்தான் இந்த வீட்டுக்கு வர வேண்டும்.

"சாமி கிளம்பியாச்சு."

பிறகு, "நெய்யாற்றின்கரை வந்தாச்சு."

கோமளவல்லி காப்பி கொடுப்பாள். முருகதாஸ் கம்பிக் கதவருகே பத்மகுமாரோடு உட்காருவார். இருவரும் உள்ளே பார்ப்பார்கள். முதலில் முருகதாஸ் கிரிஸைத்தான் பார்த்தார். ஜாவாக்காரர்கள் அதை எலுமிச்சைச் சாறில் கழுவுகிறவர்கள், சந்தனம் அதை ஒன்றும் செய்யாது என்றார். பத்மகுமாரும் அது சரிதான் என்றார். அதற்கப்புறம் முருகதாஸின் கண் கொஞ்சம் இடதுபக்கம் நகர்ந்தது.

"அந்த ஓரத்துல இருக்கது குங்குமமாவே?"

"குங்குமம்தான்."

"டார்ச்சத் தாரும்."

வாங்கி அடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். போலி என்று இதுவரை பதினைந்து தடவையாவது அவர் சொல்லியிருக்கிற வாள்.

மறுநாள் வந்து, "குழித்துறை வந்தாச்சு," என்றார். குரலில் ஜெயித்த களை இல்லை. இன்னும் ஒரு நாள். நாளைக்கு யானை பத்மநாபபுரம் வந்து சேர்ந்துவிடும். வெல்வெட் பெட்டி காரில் இருந்தது. அன்று மழை. ஈரக்காற்று வீட்டுக்குள் வந்தது. இருவரும் கம்பிக் கதவருகே உட்கார்ந்தார்கள். சந்தனத்தில் ஒரு துண்டு தானாக உதிர்ந்து இலையில் விழுந்தது. அது இருந்த இடத்தில், நுரைக்கோட்டின் மேல், செங்கல் நிறத்தில் ஒரு புள்ளி.

போகட்டும் என்று பத்மகுமார் நினைத்தார். கிரிஸ் போகட்டும். அவன் வீட்டிலேயே இருக்கட்டும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். காப்பியும் குடிக்கலாம். கோமளம் என்று கூப்பிட வாயைத் திறந்தார்.

"மைனி!" என்று கத்தினார் முருகதாஸ்.

கோமளவல்லி அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"அந்தக் கிரிஸு இங்கேயே இருக்கட்டு. எனக்கு வேண்டாம். டைட்டஸண்ணன்ட்ட நானே சொல்லிக்கிடுகேன். இந்தச் சவத்தெளவு ஜப்பான் வாள மட்டும் எடுத்துத் துடைக்கச் சொல்லுங்க. என்னால கண்ணால பாத்துக்கிட்டு இருக்க முடியல்ல!"

பத்மகுமார் வாயை மூடிக்கொண்டார்.

"அப்பிடியா?" என்றாள் கோமளவல்லி. கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கற்பூரம் காட்டினாள். மணியடித்தாள். "எடுப்பு ஆச்சு," என்றாள்.

"சாமி வரல்லியே?" என்றார் முருகதாஸ்.

"குழித்துறை வந்துட்டாள்லா. நம்ம ஜில்லாதான."

முருகதாஸுக்கு அதைக் கேட்க நேரமில்லை. வாளை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினார். பத்மகுமார் கிராம்பெண்ணெயோடு பின்னால் ஓடினார். ஒருவர் பிடித்துக்கொள்ள ஒருவர் துடைத்தார். புள்ளி மேலோட்டமானதுதான். போய்விடும் என்று தோன்றியது. "உண்மையான எஃகுவே," என்றார் முருகதாஸ், மெதுவாக. பத்மகுமார் கேட்காததுபோல இருந்தார். தானும் வாய் திறந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

துடைத்து முடித்தபின்தான் பத்மகுமார் கிரிஸை எடுக்கப் பூஜையறைக்குப் போனார். இலையில் அருவாமனையும் இல்லை, கிரிஸும் இல்லை.

அருவாமனை அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தது.

"அவ எங்கட்டி?"

"ஆரு?"

"கிரிஸு."

"மருமவளா? என் பீரோவுல. பட்டுச்சேலைக்கு நடுவுல வச்சிருக்கேன். வீட்டுக்கு வந்த பொண்ணு மாமியாக்காரிட்டத்தானே இருக்கணும்? உங்க முன்னறையில ஆம்பிளைகளுக்கு நடுவுல நிறுத்தி வைக்க முடியுமா?"

"சாவி?"

அவள் காய் நறுக்கினாள்.

முருகதாஸ் டைட்டஸிடம் சொல்லிவிட்டார். கோட்டைத் திருப்பி அனுப்ப முடியாது, இங்கே குளிர் அப்படி என்று டைட்டஸ் சொன்னாராம். மாமியார் எப்படி என்றும் கேட்டாராம்.

இப்போது சனிக்கிழமை சாயங்காலங்களில் முருகதாஸ் வருகிறார். இருவரும் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே டிவி ஓடுகிறது.

"மைனி," என்கிறார் முருகதாஸ். "ஒரே ஒரு தடவ. பாத்துட்டுத் தந்துருகோம்."

"சீரியல் முடியட்டு," என்கிறாள் கோமளவல்லி. "அவளும் பாத்துக்கிட்டு இருக்கா."